குவெர்னவாக்காவுக்கு முளைத்த மாட்டுக் கொம்பு

1

இந்த ஆண்டு மழை தொடங்கிய வாரத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, என் மகள் எஸ்தர் தலையில் மாட்டுக் கொம்போடு பள்ளியிலிருந்து வீட்டுக்கு வந்தாள். அட்டையில் வெட்டிய கொம்பு. நுனியில் கறுப்பு மை பூசி, தாடைக்குக் கீழே நாடாவால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். ஏதோ வேஷம் போலிருக்கிறது என்று நினைத்தேன். அருகே வந்த பிறகுதான் நாடா பதிந்து கன்னம் சிவந்திருப்பதைப் பார்த்தேன். தெரு நெடுக அதோடேயே நடந்து வந்திருக்கிறாள். பெற்றவர்கள் பார்த்த பிறகுதான் அவிழ்க்க வேண்டும் என்பது வாத்தியாரின் உத்தரவாம்.

காஞ்சிபுரத்தில் இருந்துகொண்டு இதைப் படிக்கிற உங்களுக்கு விஷயம் விளங்க வேண்டுமானால், நான் இருக்கும் ஊரின் பெயரை முதலில் சொல்லவேண்டும். மெக்ஸிகோ தேசத்தில், தலைநகரத்திலிருந்து மலை இறங்கி வந்தால் வரும் ஊர் இது. பெயர் குவெர்னவாக்கா. ஸ்பானிய பாஷையில் ‘குவெர்னோ’ என்றால் கொம்பு, ‘வாக்கா’ என்றால் பசு. ஆகவே ஊரின் பெயருக்குப் பொருள் மாட்டுக் கொம்பு. பள்ளிப் பிள்ளைகளுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஊர் விழா வருகிறதென்று, மேடையேறும் பிள்ளைகளுக்கெல்லாம் அட்டைக் கொம்பு தயாராகிக்கொண்டிருந்தது.

அன்று வகுப்பில் வாத்தியார் ஊர்ப் பெயரின் பொருளைக் கேட்டிருக்கிறார். பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து மாட்டுக் கொம்பு என்று கத்தியிருக்கிறார்கள். எஸ்தர் மட்டும் எழுந்து, அப்படியில்லை, ஊரின் பெயர் குவாவ்நாவாக், அதற்கு மரங்களின் ஓரம் என்று பொருள், அம்மா சொல்லியிருக்கிறாள் என்று சொன்னாளாம். வகுப்பே சிரித்திருக்கிறது. மலைக்காட்டுப் பேச்சைப் பள்ளிக்கூட வாசலுக்கு வெளியே விட்டுவிட்டு வரவேண்டும் என்று சொல்லி, வாத்தியார் ஒரு கொம்பை எடுத்து அவள் தலையில் கட்டினார். மற்றப் பிள்ளைகளுக்கு விழாவன்று அது அலங்காரம். இவளுக்கு அன்று அது தண்டனை.

நாடாவை அவிழ்த்தது அவள் அம்மா. அவிழ்க்கும்போது மகளிடம் தன் பாஷையில் என்னவோ கேட்டாள். எஸ்தர் அதற்கு ஸ்பானிய மொழியில் பதில் சொன்னாள். என் வீட்டுப் பேச்சை அச்சுத் தமிழில் எழுதினால் என் வீட்டார் வேறு யாரோ போல ஆகிவிடுகிறார்கள். அதனால் எங்கள் ஊர்ப் பேச்சிலேயே எழுதுகிறேன். அவள் சொன்னது இதுதான்: “இனிமே வெளியில என்கிட்ட அந்த பாஷையில பேசாதேம்மா.”

2

நான் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் பெயர் ஆசீர்வாதம். காஞ்சிபுரத்தில் வேகவதி ஆற்றங்கரையில் பிறந்தவன். மிஷன் ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கக் கற்றுக்கொண்டு, கம்பவுண்டர் ஆகி, அந்த வேலையைப் பிடித்துக்கொண்டே கப்பலேறினேன். முதலில் மெக்ஸிகோவின் கடலோரத்தில் ஓர் எண்ணெய்க் கம்பெனியின் ஆஸ்பத்திரி. அங்கே புழுக்கம் தாங்காமல் நெஞ்சுக்கட்டு வந்து, குளிர்ச்சியான இடம் தேடி இந்த ஊருக்கு வந்தேன். இங்கே ஒரு மருந்துக் கடையில் வேலை. கடைக்கு மூலிகைக் கட்டு கொண்டுவந்து போடும் பெண்களில் ஒருத்தியாக இருந்தவள்தான் என் மனைவி மார்த்தீனா. கிழக்கே மலையடிவாரத்து ஊர்க்காரி. அவளுடைய தாய்மொழி நாவாத்ல். ஸ்பானியர் கப்பலேறி வருவதற்கு முன்னால் இந்தப் பக்கம் முழுவதும் பேசிய பாஷை அது.

அந்த பாஷையில் மரத்துக்கு ‘குவாவித்ல்’ என்று பெயர். கடைசியில் வரும் ‘த்ல்’ ஒற்றை மூச்சில், நாக்கின் ஓரங்களில் காற்று வழுக்கி வெளியே வரவேண்டும். எனக்கு இன்றுவரை வரவில்லை. நம்முடைய ழகரத்தில் வெள்ளைக்காரர்கள் தடுக்கி விழுவதுபோல நான் அங்கே விழுகிறேன். ‘நாவாக்’ என்றால் பக்கத்தில், ஓரத்தில். இரண்டையும் சேர்த்தால் குவாவ்நாவாக். ஊரின் மேற்குப்புறத்துப் பள்ளத்தாக்கில் நின்று பார்த்தால் இந்தப் பெயரை யாரும் விளக்கத் தேவையில்லை. காடு அங்கே ஊரைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது.

படையெடுத்து வந்த ஸ்பானியன் காதில் குவாவ்நாவாக் என்பது குவெர்னவாக்கா என்று விழுந்திருக்கிறது. அவனுக்குத் தெரிந்த இரண்டு சொற்கள் அதில் கேட்டன, அதோடு விட்டுவிட்டான். காது தப்பாகக் கேட்டதை மன்னித்துவிடலாம். அந்தத் தப்புக்குப் பொருள் கற்பித்து, அதைப் பிள்ளைகளுக்குப் பாடமாக வைத்து, சரியாகச் சொன்ன பிள்ளையின் தலையில் கொம்பைக் கட்டுவதை எப்படி மன்னிப்பது? இதில் இன்னொன்றும் இருக்கிறது. அவன் வருவதற்கு முன்னால் இந்த மண்ணில் பசுவே கிடையாது. மாட்டைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தவனே அவன்தான். தன்னுடைய மாட்டின் கொம்பை, தனக்கு முன்பே நூற்றாண்டுகளாக இருந்த ஊரின் தலையில் ஒட்டவைத்துவிட்டான்.

என் தலையிலும் ஒட்டவைத்தார்கள். அந்நியர்களைப் பதிவு செய்யும் ஆபீசில் என் பெயரைக் கேட்ட குமாஸ்தாவுக்கு அது எழுத வரவில்லை. பொருள் என்ன என்று கேட்டான். சொன்னேன். ‘அப்படியானால் பெனதிக்தோ’ என்று எழுதி முத்திரை குத்திவிட்டான். பிறந்த ஊர் என்ற இடத்தில் என் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டைப் பார்த்து எழுதினான். அதில் இருந்தது, உங்கள் ரயில் நிலையத்துப் பலகையில் இருக்கிறதே, அந்த ‘கான்ஜீவரம்’. வெள்ளைக்காரன் அந்தப் பெயருக்கு இட்ட ‘ஜ’ எழுத்தை ஸ்பானியர் ‘ஹ’ என்று வாசிக்கிறார்கள். ஆக, ஒருவன் சிதைத்ததை இன்னொருவன் சிதைத்து, இந்த நாட்டுச் சர்க்கார் கணக்கில் நான் கொன்ஹேவாரத்தில் பிறந்த பெனதிக்தோ. அப்படி ஓர் ஊரும் இல்லை. அப்படி ஓர் ஆளும் இல்லை.

3

கொம்பு அவிழ்த்த அன்று எனக்கு வந்த கோபம் அந்த ஒரு வாத்தியார் மேல் வந்தது மட்டுமல்ல. அதற்கு முன்பே அது என்னிடம் இருந்தது. எங்கிருந்து கொண்டுவந்தேன் என்று சொல்கிறேன்.

மிஷன் ஆஸ்பத்திரியில் என்னுடைய வெள்ளைக்கார டாக்டர் ஒருநாள் வந்த விருந்தாளியிடம், இந்த ஊர்க்காரர்கள் தெய்வத்திடம் கஞ்சியை வரமாகக் கேட்டார்கள் போலிருக்கிறது, அதனால்தான் கஞ்சி-வரம் என்று பெயர் என்று தமிழ்ச் சொற்களையே வைத்து வேடிக்கை செய்தார். அவருக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். அதுதான் எனக்கு அதிகமாக உறைத்தது. சின்னக் காஞ்சிபுரத்துப் பண்டிதர்கள் எங்கள் ஊர்ப் பெயருக்குப் பொருள் சொல்வதை நான் வாசலில் நின்று கேட்டிருக்கிறேன். பிரமன் பூசித்த தலம் என்பார் ஒருவர். பூமாதேவியின் இடுப்பு ஒட்டியாணம் என்பார் இன்னொருவர். காஞ்சி மரங்கள் நிறைந்திருந்த இடம் என்பார் மூன்றாமவர். எனக்கு மூன்றாமவர் சொன்னதுதான் பிடித்தது. கஞ்சிப் பானையைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை.

ஆனால் வெள்ளைக்காரனை மட்டும் திட்டிவிட்டுப் போனால் நான் பொய்யன். வாசலில் நின்று கேட்டேன் என்று எழுதினேன் அல்லவா? உள்ளே விடமாட்டார்கள் என்பதால்தான் வாசல். நான் பிறந்த இடத்துக்கு மருதந்தாங்கல் என்று பெயர். தாங்கல் என்றால் சிறிய ஏரி. அதன் கரையில் மருத மரங்கள் நின்றன. அங்கே இருந்த நாங்கள் அத்தனை பேரும் அப்படித்தான் சொன்னோம். பட்டுக்காரத் தெருவிலும் கோயில் தெருவிலும் இருந்தவர்கள் ‘சேரி’ என்றார்கள். எந்தச் சேரி என்றுகூடச் சொல்லவேண்டியதில்லை அவர்களுக்கு.

நான் ஆஸ்பத்திரி வேலையில் சேர்ந்த புதிதில் சர்க்கார் எங்கள் இடத்தில் ஒரு கிணறு வெட்டிக்கொடுத்தது. அதற்கு ஒரு பெயர்க்கல் நடப்போகிறார்கள் என்று தெரிந்ததும், என் அப்பா வேலைக்குப் போகாமல் கணக்குப்பிள்ளையைப் பார்க்கப் போனார். நானும் கூடப் போனேன். கணக்குப்பிள்ளை வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். அப்பா தூரத்திலேயே நின்று, “கல்லுல மருதந்தாங்கல்னு போடச் சொல்லணும் சாமி. எங்க எடத்துக்கு அந்தப் பேரு கீது,” என்றார்.

கணக்குப்பிள்ளை நிமிரவில்லை. “கணக்குல இல்லாத பேரு பேரே இல்லடா,” என்றார்.

கல் வந்தது. மேலே இங்கிலீஷில் கான்ஜீவரம். கீழே தமிழில் சேரிக் கிணறு. அப்பாவுக்கு இரண்டும் படிக்கத் தெரியாது. நான்தான் படித்துச் சொன்னேன். அவர் கல்லைப் பார்த்துவிட்டு, “அப்போ நாம இன்னும் ஊரே இல்லாமதான் இருந்துக்கினு கீறோம்,” என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் இறைக்கப் போனார்.

காஞ்சிபுரத்தின் பெயரை வெள்ளைக்காரன் கெடுத்துவிட்டான் என்று இப்போது பத்திரிகைகளில் எழுதுகிறீர்கள். படிக்கிறேன். நானும் உங்களோடு சேர்ந்து கொதிக்கிறேன். ஆனால் மருதந்தாங்கல் என்று உங்களில் எத்தனை பேர் இதற்கு முன்பு வாயால் சொல்லியிருக்கிறீர்கள்?

4

திங்கட்கிழமை காலை நானும் மார்த்தீனாவும் பள்ளிக்குப் போனோம். நான் கோட்டு போட்டுக்கொண்டேன். அவள் சால்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டாள்.

வாத்தியாரின் பெயர் ஃபெலிசியானோ. நாற்பது வயதிருக்கும். துவைத்துத் துவைத்து மெலிந்த சட்டை, சுத்தமான நகங்கள். என்னை அந்நிய தேசத்துப் பெரிய மனிதர் என்று நினைத்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். மார்த்தீனாவுக்குப் போடவில்லை. நான் உட்காராமல் நாற்காலியை அவள் பக்கம் தள்ளினேன். அவளும் உட்காரவில்லை. மூன்று பேரும் நின்றுகொண்டே பேசினோம்.

என் ஸ்பானிய மொழி கோபத்தில் எப்போதும் கலைந்துபோகும். ‘கொம்பு’ என்று சொல்லவேண்டிய இடத்தில் ‘உடம்பு’ என்று சொல்லிவிட்டேன் (அந்த மொழியில் குவெர்னோ, குவெர்ப்போ என்று இரண்டும் அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள்). அவர் சிரிக்காமல் திருத்தினார். நான் பசு இல்லாத நாட்டில் பசுக்கொம்பு எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். இந்த ஊரின் உண்மையான பெயர் உங்களுக்குத் தெரியாவிட்டால், தெரிந்த பிள்ளையை அவமானப்படுத்தாமலாவது இருங்கள் என்றேன்.

அவர் பள்ளிக்கூடப் புத்தகம் போலவே பேசுகிறவர். “ஐயா, அந்தப் பெயரும் அதன் பொருளும் எனக்கு நன்றாகத் தெரியும். உங்கள் மகள் பிறப்பதற்கு முன்பிருந்தே தெரியும்,” என்றார்.

தெரியாமல் செய்கிறார் என்றுதான் வீட்டிலிருந்து வழி நெடுக வார்த்தைகளை அடுக்கிக்கொண்டு வந்திருந்தேன். தெரிந்தே செய்கிறவரிடம் பேச என்னிடம் ஒன்றும் இல்லை.

அப்போது அவர் மார்த்தீனாவின் பக்கம் திரும்பி, குரலைத் தணித்து, அவளுடைய பாஷையில் பேசினார். அவள் முகம் மாறியது. ஏதோ கேட்டாள். அவர் பதில் சொன்னார். நீண்ட பதில். கடைசியில் அவள் ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். அவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை.

திரும்பும் வழியில் மார்த்தீனா சொன்னாள். அவர் அவளுடைய ஊருக்கு அடுத்த மலையூர்க்காரர். அவருடைய அம்மா கரி விற்றுத்தான் அவரைப் படிக்கவைத்திருக்கிறாள். இந்த நகரத்துப் பள்ளியில் சேர்ந்த முதல் வாரத்தில், தண்ணீர் வேண்டும் என்பதைத் தாய்மொழியில் கேட்டதற்காக அவரைச் சரளைக்கல்லில் முழங்காலிட வைத்தார்களாம். பிள்ளைகளுக்கு அந்த பாஷை நாக்கிலிருந்து சீக்கிரம் போய்விட்டால் அவர்கள் யாரிடமும் முழங்காலிட வேண்டியிருக்காது; அதற்காகத்தான் கண்டிப்பாக இருக்கிறேன் என்றாராம்.

“நீ இன்னா சொன்னே?” என்று கேட்டேன்.

“வலி எப்படி இருக்கும்னு தெரிஞ்சவரு நீங்க, அதையே எடுத்து எம் பொண்ணு தலையில கட்டினீங்களேன்னு கேட்டேன்.”

அவரைப் பார்த்துப் பரிதாபப்பட வேண்டும் என்று எனக்குத் தோன்றியிருக்கலாம். தோன்றவில்லை. கோபம் இன்னும் அதிகமாயிற்று. அன்றே கல்வி இலாகாவுக்கு ஒரு மனு எழுதி, அந்த வாத்தியார்மேல் நடவடிக்கை எடுக்கவேண்டும் என்று கேட்டேன். சில நாளில் மனு ஒரு குறிப்போடு திரும்பி வந்தது. ஆசீர்வாதம் என்று கையொப்பமிட்டவர் அந்நியர் பதிவில் இல்லை. இல்லாதவரின் புகாரை விசாரிக்க இயலாது.

வீட்டிலோ என் கோபத்துக்குத் துணைக்கு ஆள் இல்லை. விழாவில் எஸ்தர் மேடை ஏறக்கூடாது என்று நான் சொன்னேன். அவள் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. தண்டனை வாங்கிய அன்றுகூட அவள் அழவில்லை. “எல்லாரும் கொம்பு கட்டிக்கறாங்கப்பா. நான் மட்டும் கட்டலைன்னா மறுபடியும் என்னைத்தான் பாத்துச் சிரிப்பாங்க. நானும் கட்டிக்கறேன், உட்டுடுங்க,” என்றாள். நான் பதில் சொல்வதற்குள் மார்த்தீனா, கட்டிக்கொண்டு போகட்டும் என்று சொல்லிவிட்டாள். இரண்டு நாள் நான் அவர்கள் இருவரோடும் சரியாகப் பேசவில்லை.

5

விழா சதுக்கத்தில் நடந்தது. மேடைக்கு முன்னால் நாற்காலிகளில் ஊர்ப் பெரியவர்கள். நடுவில், நகரசபையிலிருந்து வந்த பிரமுகர் ஒருவர். நாற்காலிகளுக்குப் பின்னால் கயிறு கட்டி, அதற்கு அப்பால் மற்றவர்கள். சந்தைக்கு வந்த மலையூர்க்காரர்கள் கூடைகளை இறக்கிவைத்துவிட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் மார்த்தீனாவும் அவர்களோடு நின்றோம்.

பிள்ளைகள் கொம்போடு வரிசையாக வந்தார்கள். ஒவ்வொரு பிள்ளையும் ஊரைப் பற்றி ஒரு வரி சொல்லவேண்டும். பூக்களின் ஊர் என்றது ஒரு பிள்ளை. என்றும் வசந்தம் என்றது இன்னொன்று. எஸ்தருக்குக் கொடுத்திருந்த வரி ‘எங்கள் ஊர் குவெர்னவாக்கா, அதன் பொருள் மாட்டுக் கொம்பு’ என்பது. வாத்தியார் வேண்டுமென்றே கொடுத்தாரா, வரிசையில் அப்படி அமைந்ததா என்று எனக்குத் தெரியாது.

அவள் முன்னால் வந்து, “எங்க ஊர் குவெர்னவாக்கா,” என்றாள். நிறுத்தினாள். மேடையோரத்திலிருந்து வாத்தியார் அடுத்த வார்த்தையை எடுத்துக் கொடுத்தார். அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு கூட்டத்தைப் பார்த்து, மனப்பாடக் குரலில் அல்லாமல் வீட்டில் பேசுகிற குரலில் சொன்னாள்.

“அதுக்கு இன்னா அர்த்தம்னு எனக்குத் தெரியும். ஆனா சொல்லக்கூடாதுன்னு சொல்லி இருக்குது.”

முன்வரிசையில் சிலர் சிரித்தார்கள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் ஒருவரும் சிரிக்கவில்லை. நகரசபைப் பிரமுகர், பெண் என்ன சொல்கிறாள், யார் சொல்லக்கூடாது என்றது என்று வாத்தியாரைக் கேட்டார். புன்னகையோடுதான் கேட்டார், குழந்தைப் பேச்சு என்று வாத்தியார் சமாளித்துவிட அது வழி விட்டது.

ஃபெலிசியானோ மேடையின் நடுவுக்கு வந்து எஸ்தரின் பக்கத்தில் நின்றார். “நான்தான் சொல்லக்கூடாது என்றேன். அவள் சொல்ல இருந்தது சரியான பொருள்,” என்றார். பிறகு அந்தப் பெயரைச் சொன்னார். குவாவ்நாவாக். மரம் என்ற சொல்லையும் தனியாக, அந்தக் கடைசி ‘த்ல்’ சரியாக வழுக்கி வரும்படி சொன்னார். பெற்றவள் வாயிலிருந்து வாங்கிய ஒலி அது. என்னைச் சுற்றி நின்ற மலையூர்க்காரர்களின் தலைகள் எல்லாம் ஒரே சமயத்தில் நிமிர்ந்தன. கைதட்டல் எதுவும் இல்லை. பிரமுகர் புன்னகையை நிறுத்திவிட்டுக் கைக்கடியாரத்தைப் பார்த்தார். வாத்தியார் எஸ்தரின் தாடைக்கீழ் நாடாவைத் தானே அவிழ்த்து, கொம்பை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார்.

விழா முடிந்து சில வாரங்களுக்குள் அவருக்கு மாற்றல் உத்தரவு வந்தது. தெற்கே, கோவேறு கழுதையில் ஏறிப் போகவேண்டிய ஒரு சுரங்க ஊருக்கு. நிர்வாக வசதிக்காக என்று எழுதியிருந்ததாம். விருந்தினர் முன்னிலையில் ஊரைச் சிறுமைப்படுத்தினார் என்று கடைவீதியில் பேசிக்கொண்டார்கள்.

இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ஒரு குழந்தையை அவமானப்படுத்தினார், தண்டியுங்கள் என்று எழுதிக் கொடுத்தேன். அப்போது நான் இல்லாத ஆளாகிப்போனேன். அவர் தம் வாழ்நாளில் சபையில் ஒரு முறை உண்மையைச் சொன்னார். உடனே ஆபீசு விழித்துக்கொண்டது. எந்தத் தண்டனையை நான் கேட்டேனோ அது கிடைத்தது, அவர் செய்த ஒரே நல்ல காரியத்துக்காக.

இரண்டாவது மனுவை நாங்கள் மூவரும் சேர்ந்து எழுதினோம். அவரை இங்கேயே வைத்திருக்கவேண்டும் என்று. நான் சொல்லச் சொல்ல எஸ்தர் பிழையில்லாமல் ஸ்பானிய மொழியில் எழுதினாள். கையொப்பத்துக்கு என் பெயர் உதவாது என்பதால் மார்த்தீனா தன் பெயரைப் போட்டாள். தபாலில் அனுப்பாமல் நேரே கொண்டுபோய்க் கொடுப்பது என்று முடிவாயிற்று.

ஆபீசில் ஒரு குமாஸ்தா. இளைஞன்தான். மனுவை வாங்கி, மேலும் கீழும் பார்த்து, மனுதாரர் இந்த நாட்டவரா, குடியிருக்கும் ஊர் எது என்று கேட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் மார்த்தீனா தன் குரலில், அந்த ஒலியோடு, “குவாவ்நாவாக்,” என்றாள்.

அவன் பேனாவை மையில் தோய்த்துக்கொண்டே கேட்டான். “அது எங்கே இருக்கிறது?”

“நீ உக்காந்துக்கினு இருக்கற எடம்தான்,” என்றாள் அவள்.

அவன் எழுதவில்லை. மனு இன்றுவரை அவன் மேசைமேல் கிடக்கிறது.